மூன்றாவது புடவை

"தூக்கில் போட்டால் ஒரு தலையோடு போய்விடும். பைத்தியம் என்று எழுதினால் மூன்று தலைமுறைக்கு எங்கள் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்."

நான் இதைச் சொன்னதும் வக்கீல் எஸ்தர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். சனிக்கிழமை காலை. கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் அவருடைய ஒற்றை அறை அலுவலகம்.

"பஞ்சாட்சரம் சார், முப்பத்தைந்து வருஷம் போலீஸ்ல இருந்தவர் நீங்க. சிவராஜ் உங்க சொந்தத் தங்கச்சி மகன். திங்கட்கிழமை அவருக்குத் தண்டனை என்னன்னு முடிவாகப் போகுது. அரசு வக்கீல் தூக்கு கேக்கிறார்."

குற்றவாளி என்ற தீர்ப்பு முந்தைய நாளே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் அடுத்த வீட்டுச் சாயக்காரர் வீரபத்திரனையும் அவர் மனைவியையும் சிவராஜ் வெட்டிக் கொன்றான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனும் மறுக்கவில்லை. ஏன் கொன்றான் என்பதுதான் தெரியவில்லை. அவனுக்கு மனநோய் இருக்கிறது என்று சிறை மருத்துவர் சொன்னார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். பிடிபட்ட பிறகு போடுகிற நாடகம் என்றார் அரசு வக்கீல். அவர் பக்கம் சாட்சிக் கூண்டில் ஏறிய சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒன்று, சிவராஜின் தாய், என் தங்கை காமாட்சியம்மாள். இன்னொன்று, நான்.

கொலைக்கு முந்தைய நாட்களில் நானும் என் மனைவியும் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தோம். தங்கை மகள் தையல்நாயகிக்கு நிச்சயதார்த்தம். அமாவாசையன்று போய் இறங்கினோம். அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் காலை தறி வீட்டுக்குள் நுழைந்தேன். தாய்மாமன் வந்து நிற்கிறேன், சிவராஜ் எழுந்திருக்கவில்லை. தலையைக் கூட நிமிர்த்தவில்லை. அதன்பிறகு தறி வீட்டுப் படியை நான் மிதிக்கவே இல்லை. பத்தாம் நாள் காலை கொலை.

"அவனுக்குப் பைத்தியம் இல்லை, திமிர். எங்கள் வம்சத்திலேயே அந்த நோய் கிடையாது" என்று கூண்டில் சொன்னேன். எஸ்தர் முன் உட்கார்ந்திருந்த அன்றும் அதை நம்பினேன்.

"பின்னே என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றேன் எஸ்தரிடம்.

"ரெண்டு வருஷத்துல சிவராஜ் என்கிட்டப் பேசினது ஒரே ஒரு வார்த்தை. 'என் மூணாவது புடவையைப் பாருங்க.' எனக்குப் புரியலை. நெசவு வீட்டில் பிறந்து துப்பறியத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் சார். நோய் முன்னாடியே இருந்துச்சுன்னு ஒரு துண்டு ஆதாரம் போதும். தூக்கைத் தள்ளிடலாம், சிகிச்சையும் கேக்கலாம்."

"பார்க்கிறேன். ஆனா அந்தப் புடவை ஒழுங்கா இருந்தா அதையும் நானே கோர்ட்டுல சொல்லுவேன்."

"ஒழுங்கா இல்லைன்னா?"

"எங்க வீட்டுத் தறி ஒழுங்காத்தான் இருக்கும்."

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. கங்கையம்மாள்.

துப்பறியும் வேலையில் கங்கையம்மாள் என் துணை. பெண்கள் சிறையில் முப்பது வருஷம் வார்டராக இருந்தவள். நான் ஓய்வு பெற்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக வழக்கு எடுக்கத் தொடங்கிய நாள் முதல் கூடவே இருக்கிறாள். அவளிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, என்னிடம் இல்லை. அதனால் நான் அவள் பின்னால் உட்கார வேண்டியிருக்கிறது. முதுகை நேராக வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

"ஐயா, கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க. லைட்டுக் கம்பத்தைக் கட்டி எடுத்துக்கினு போற மாதிரி இருக்குது."

"ரோட்டைப் பார்த்து ஓட்டும்மா."

"ரோட்டைத்தான் பாக்கறேன். ஜனங்க உங்களைப் பாக்குது."

சிவராஜுக்கு நெய்யப் பாவுநூல் கொடுத்த நெசவாளர் சங்கத்துக்குப் போனோம். வருகிற புடவைகளைச் சரிபார்க்கும் கிருஷ்ணவேணி பெரிய மேசைமேல் ஒரு புடவையை விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சிவராஜ் தறிக்குக் கடைசியா குடுத்தது மூணு புடவைப் பாவு" என்றாள். "ரெண்டு வந்துச்சு. மூணாவது வரலை."

"கேக்கலையா?"

"கேட்டேன். அம்மனுக்குச் சாத்திட்டேன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. சாமி காரியம், அதுக்கு மேல வாயைத் திறக்கலை."

"வந்த ரெண்டும் எப்படி?"

"அவர் புடவையில குறை கண்டுபிடிச்சா எனக்கு மெடல் குடுக்கணும் சார். உடல் மாம்பழ மஞ்சள், ரெண்டு பக்கமும் அரக்குச் சிவப்புக் கரை. சிவப்பு, வீரபத்திரன் போட்ட சாயம். பாவம், அந்த மனுஷன் கைக்கு அந்தச் சிவப்பு அப்படி வரும்."

"கோர்வைக்கு யாரு உக்காருவாங்க?"

இதைக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்கத் தெரிந்த வாய். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்த்து நெய்கிற புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் உடலுக்கும் தன் பக்கக் கரைக்கும் நாடாவை, குறுக்கு நூல் சுற்றிய கட்டையை, ஓட விடுவார். மறு கரைக்கு நாடா விட இன்னொருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"உங்க தங்கச்சிதான். வேற யாரையும் அவராண்ட விடமாட்டாங்களே" என்றாள் கிருஷ்ணவேணி.

கோர்ட்டில் என் தங்கை வேறு மாதிரி சொல்லியிருந்தாள். தான் சமையற்கட்டில் இருந்ததாகவும், மகன் கடைசி நாள் வரை ஒழுங்காக நெய்ததாகவும். வெளியே வந்தோம். கங்கையம்மாள் ஆரம்பித்தாள்.

"கோர்ட்டுல அடுப்பாண்ட இருந்தேன்னாங்களே. அங்க இருந்தே நாடா விட்டாங்கன்னா ரொம்ப நீட்டுக் கைதான்."

"வண்டியை எடு."

"எங்க? கோயிலுக்கா?"

"கோயில்ல இருக்காது. பத்தாம் நாள் காலையில அவனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. புடவை முடிஞ்சிருக்காது. பாதியில அறுத்த புடவையை எந்த நெசவாளியும் அம்மனுக்குச் சாத்த மாட்டான். என் தங்கை சத்தியமா சாத்த மாட்டா."

"எரிச்சிருப்பாங்க."

"பிள்ளை நெய்ததை எரிக்கிறவ இல்லை அவ."

"அப்ப வூட்டுல."

"போலீஸ் ரெண்டு தடவை புரட்டிப் போட்டது. இருந்தா கிடைச்சிருக்கும்."

கங்கையம்மாள் சாவியைத் திருகாமல் யோசித்தாள்.

"ஐயா, ஜெயில்ல பொம்பளைங்க புகையிலையை எங்க ஒளிச்சு வெப்பாங்க தெரியுமா?"

"எங்கே?"

"பாய்க்கடியில இல்ல. கக்கூஸ்ல இல்ல. அங்கெல்லாம் நாங்க தேடுவோம்னு தெரியும். என் சோத்துப் பையில வெப்பாங்க. சாயங்காலம் நான் கேட்டைத் தாண்டறதுக்குள்ள எடுத்துக்குவாங்க. மூணு வருஷம் எனக்கே தெரியாது. நானே காவல், நானே பொட்டி."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?"

"உங்க சொந்தத்துல வார்டர் யாரு ஐயா?"

ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நின்றேன். தெருவில் ஒருவர் வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சொன்னேனா என்று நினைவில்லை.

"ஐயம்பேட்டைக்குத் திருப்பு" என்றேன். "என் வீட்டில் அப்படி எதுவும் இல்லைன்னு உனக்குக் காட்டறேன். காட்டின பிறகு நீ மன்னிப்புக் கேக்கணும்."

"கால்ல விழறேன். ஏறுங்க."

என் வீட்டில் யாரும் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டு. என் யூனிஃபார்ம் இருக்கும் தகரப் பெட்டி. ஓய்வு பெற்ற அன்று மடித்து வைத்துப் பூட்டியது. சாவி சாமி மாடத்தில் இருக்கும். கூட்டுகிறவள் கூட அதைச் சுற்றித்தான் கூட்டுவாள்.

திறந்தேன். தொப்பி, பெல்ட், காக்கிச் சட்டை. சட்டையை எடுத்தேன். அடியில் ஒரு பழைய வேட்டி மூட்டை. அந்த மூட்டையை நான் கட்டவில்லை.

என் மனைவி புவனேஸ்வரி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் பாதி நறுக்கிய கொத்தவரங்காய். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ரெண்டு வருஷமா நீங்க எப்பத் திறப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

கங்கையம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, புடவையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கோடி வரை நடந்தாள்.

முனையில் சங்கத்துச் சீட்டு அப்படியே இருந்தது. மண்டியிட்டு, முழங்கையால் அளந்துகொண்டே போனேன். முதல் இரண்டு முழம் குறையே இல்லை. அங்கே குறுக்காக மெல்லிய ஒரு கோடு.

"இது இன்னா ஐயா?"

"தறி ஒரு நாள் சும்மா நின்னா, மறுநாள் முதல் அடியில் இப்படிக் கோடு விழும். எங்க தறிங்க மாசத்துல நிக்கறது அமாவாசைக்குத்தான். சிவராஜ் ஒரு நாளைக்கு ஒரு முழம் நெய்வான். அதுக்கு மேலயும் போக மாட்டான், கீழயும் வர மாட்டான்."

கோட்டுக்கு அப்பால் நான்கு முழம். மாம்பழ மஞ்சள் உடல், இரு பக்கமும் சிவப்பு. கண்ணை உறுத்தும் ஒரு இழை கூட இல்லை. ஐந்தாம் முழம் தொடங்கும் இடத்தில் என் கை நின்றது.

வலக்கரை சிவப்பு. இடக்கரை வெளிறிக் கிடந்தது.

"ஒரு கரைக்கு மட்டும் சாயம் போச்சா?" என்றாள் கங்கையம்மாள்.

"சாயம் போகலை. குறுக்கே ஓடற நூலை மாத்தியிருக்கான். சாயமே போடாத வெள்ளைப் பட்டு. நீளத்துல ஓடற சிவப்பை அவனால மாத்த முடியாது, பாவு பூட்டியாச்சு. மாத்த முடிஞ்சதை மாத்திட்டான்."

"ஏன்?"

"அது வீரபத்திரன் போட்ட சிவப்பு." சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. "அதைத் தொடப் பயந்திருக்கான். கொலைக்கு அஞ்சு நாள் முன்னாடியே பயந்திருக்கான்."

"இந்தப் பக்கம் சிவப்பு அப்படியே இருக்குதே."

"அது அவன் கை இல்லை."

ஐந்து முழம். ஒவ்வொரு இழைக்கும் மகன் வெள்ளையை விட, தாய் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து சிவப்பை விட்டிருக்கிறாள். ஒரு இழை கூடத் தப்பவில்லை. மகன் கடைசி நாள் வரை ஒழுங்காக நெய்தான் என்று சொன்ன அதே தாய்.

மூட்டைக்குள் இன்னொன்று இருந்தது. வேலூர்ப் பக்கத்து மனநல மருத்துவர் ஒருவரின் சீட்டுகள், கொலைக்கு முந்தைய நான்கு வருஷத்துக்கு உரியவை. பெயர் உதயகுமார். ஊர் முசரவாக்கம்.

"யார் இந்த உதயகுமார்?" என்று புவனேஸ்வரியைக் கேட்டேன்.

"சிவராஜ்தான். பேரையும் ஊரையும் மாத்திக் குடுத்தாங்க. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு."

ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி சிவராஜ் என்ற பெயரைத் தேடிய எஸ்தர் வெறுங்கையோடு திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

கங்கையம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "நாலு வருஷமா மாத்திரை சாப்பிட்டுக்கினு மெடல் வாங்கற மாதிரி நெய்திருக்காரு. அமாவாசை முடிஞ்சு அஞ்சாவது நாள் புத்தி பிசகுது. அப்ப மாத்திரை நடுவுல நின்னுருக்குது. அமாவாசை அன்னைக்கு அந்த வூட்டுல என்ன மாறிச்சு?"

புவனேஸ்வரி கொத்தவரங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை. தறி வீட்டு வாசல். எழுந்திருக்காத ஒரு தலை. நான் அந்தத் தலையைப் பார்த்தேன். ஒரு சாண் கீழே பார்த்திருந்தால் வெள்ளைக் கரை தெரிந்திருக்கும்.

"நான் வந்தேன்" என்றேன்.

"நீங்க எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரி வரைக்கும் திறந்து பாக்கிறவர்" என்றாள் புவனேஸ்வரி. "இது எதுக்கு மாத்திரைன்னு கேப்பீங்க. பத்து நாள்தானே, நிறுத்திக்கலாம்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. நானும் சரின்னேன். அந்தப் பாவத்துல பாதி எனக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"திருஞானசம்பந்தத்தை மறந்துட்டீங்களா?"

திருஞானசம்பந்தம் என் சித்தப்பா மகன். தெருவில் தனக்குத் தானே பேசிக்கொண்டு நடப்பான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவனை ஜீப்பில் ஏற்றி, தூரத்து ஊரில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தேன். பம்பாயில் வேலை என்று ஊருக்குச் சொன்னேன். அவன் பெயரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்குச் சொன்னேன். யாரும் எடுக்கவில்லை. நாளடைவில் நானே அதை நம்பிவிட்டேன். கூண்டில் ஏறியபோது நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

"வம்சத்துல கிடையாதுன்னு நீங்க கூண்டுல சொல்லிட்டு இறங்கினீங்க. அடுத்த சாட்சி உங்க தங்கச்சி. அவங்க வேற மாதிரி சொன்னா நீங்க பொய்யன்னு ஆயிடாதா? ஏழெட்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்துடுவான்னு நினைச்சாங்க. தூக்குன்னு யாரும் நினைக்கலை."

முப்பத்தைந்து வருஷம் கைதிகள் என்னிடம் பொய் சொன்னார்கள். அது அவர்கள் பிழைப்பு. எனக்குச் சோறு போட்ட கையும் என்னோடு பிறந்த கையும் சேர்ந்து, என் சட்டையையே மேலே மூடி மறைத்திருந்தன. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தச் சட்டையை மடித்தேன். மடிப்புச் சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை இதையெல்லாம் சொன்னால் முதலில் அடிபடப் போவது தையல்நாயகி. ஆரணியில் வாழ்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. அவள் மாமனார் கலியாணசுந்தரத்துக்கு நானே போன் செய்தேன். கௌரவமான மனிதர். ஊரார் வாயால் கேட்கக் கூடாது.

"சம்பந்தி, எங்கள் குடும்பத்தைப் பற்றி உங்களிடம் மறைத்த ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"சிவராஜ் தம்பி உடம்பு விஷயம்தானுங்களே? அது நிச்சயத்துக்கு முன்னாலயே எங்களுக்குத் தெரியும். உங்க தங்கச்சியே நேர்ல வந்து சொன்னாங்க. மாத்திரை சாப்பிட்டா சரியாத்தான் இருக்கான்னாங்க. நாங்களும் பெரிசா எடுத்துக்கலை. உங்ககிட்ட மட்டும் பேச வேணாம்னு கேட்டுக்கினாங்க. பெரியவரு மனசு கஷ்டப்படும்னு."

போனை வைத்தேன். கங்கையம்மாளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் புடவையைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்துக்கு நீங்க ஒருத்தர்தான் காவல் இருந்திருக்கீங்க ஐயா. சம்பளமும் இல்லாம."



திங்கட்கிழமை காலை கோர்ட்டு வராந்தாவில் காமாட்சியம்மாள் என்னைப் பார்த்து எழுந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம். "அண்ணா" என்றாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அன்று வரவில்லை.

"முதல்ல நான் ஏறிச் சொல்றேன்" என்றேன். "அப்புறம் நீ ஏறு. இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கிட்டுச் சொல்லாதே."

புடவையை மேசைமேல் விரித்தார்கள். எந்தக் கோடு எந்த நாள், எந்தக் கரை யார் கை என்று முழம் முழமாகச் சொன்னேன். உதயகுமார் யார் என்று சொன்னேன். மாத்திரை யாருக்காக நின்றது என்றும் சொன்னேன்.

அரசு வக்கீல் எழுந்தார். "அன்னைக்குத் திமிர்னு சொன்னீங்க. வம்சத்துலயே இல்லைன்னு சொன்னீங்க. அப்ப அது பொய் சாட்சியா?"

"ஆமாம்."

"அதுக்குத் தண்டனை உண்டுன்னு உங்களுக்குத் தெரியும்."

"பலருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்."

எனக்குப் பிறகு என் தங்கை ஏறினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். நீதிபதி தண்டனையைத் தள்ளிவைத்து, வேலூர் மருத்துவரை வரவழைத்தார். அவர் சிவராஜைப் பார்த்ததும், "வாங்க உதயகுமார்" என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தண்டனை வந்தது. தூக்கு இல்லை. ஆயுள் தண்டனை. மனநல மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை கொடுக்க வேண்டும், மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகே சிறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு. நோயில் செய்ததைக் குற்றம் என்றே கொள்ளக் கூடாது என்று மேல்முறையீட்டில் வாதாடப் போவதாக எஸ்தர் சொன்னார். வீரபத்திரனின் மகன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். நோய் என்ன செய்தது என்பது வேறு. மாத்திரையை நிறுத்தியது எங்கள் வீடு.

நீதிபதி உள்ளே போனபின் இரண்டு காவலர்கள் சிவராஜை அழைத்து வந்தார்கள். என் பெஞ்சைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். மருந்தால் முகம் சற்று உப்பியிருந்தது. கண் தெளிவாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன்.

கங்கையம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, ஜட்ஜு எப்பவோ உள்ள போயிட்டாரு. யாருக்கு நிக்கிறீங்க?"

நான் உட்காரவில்லை. சிவராஜ் எனக்கு எதிரே வந்ததும் நின்றான். காவலர்களும் நின்றார்கள். அவன் என் கால்களைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"உக்காருங்க மாமா" என்றான். "முட்டி வலிக்கும்."